அச்சில் வராத சாவு

ஆகஸ்ட் 11

அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கீழே போட்டுவிடாதீர்கள். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

உங்கள் தம்பி இறந்துவிட்டார். மூன்றாம் தேதி இங்கே செருப்புத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்கள் வேலை பார்க்கும் பேப்பரிலேயே முதல் பக்கத்தில் வந்தது. பசை பூசும் கொட்டகையில் செத்த ஒன்பது பேரில் அவரும் ஒருவர். இதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று மூன்று நாள் யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை, அதனால் இருக்கிறபடியே எழுதிவிட்டேன்.

பேப்பரில் வந்த பட்டியலில் அவர் பெயர் இல்லை என்பீர்கள். ஆறாவதாக ஒரு பெயர் இருக்கிறது பாருங்கள், அது நெட்டையின் பெயர். நெட்டை அவருடைய கூட்டாளி, எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி இருப்பவன். செத்தது அவன் இல்லை. ஜூன் மாதம் இவருடைய பாஸைக் கம்பெனி பிடுங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு நெட்டையின் பாஸை வைத்து வாரத்தில் மூன்று நாள் அவனும் மூன்று நாள் இவரும் போய்வந்தார்கள். அவனுக்கும் நெஞ்சில் சளி, ஆறு நாளும் பசை வாடையில் நிற்க முடியாது. கேட்டில் இருப்பவர் பாஸில் நம்பரைப் பார்ப்பாரே தவிர, முகத்தைப் பார்க்க மாட்டார். மூன்றாம் தேதி இவருடைய முறை.

என் புருஷனும் உள்ளே இருந்தார் என்று போலீஸில் சொன்னேன். யாருடைய பாஸில் போனார் என்று சொல்லவில்லை, சொன்னால் நெட்டையைப் பிடித்து உள்ளே வைப்பார்கள். காணவில்லை என்று எழுதிக்கொள்கிறேன், கோபம் தணிந்தால் தானாக வந்துவிடுவார் என்றார் அங்கே இருந்தவர். கம்பெனி வாசலிலும் நின்று பார்த்தேன். பாஸ் ரத்தான ஆள் உள்ளே போயிருக்க முடியாது, உள்ளே போகாத ஆள் எப்படியம்மா சாவார் என்று என்னையே கேட்டார்கள்.

உங்களிடம் கேட்பது இரண்டே இரண்டு. அத்தையிடம் சொல்லிவிடுங்கள், பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. இன்னொன்று, உங்கள் பேப்பரில் அவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். நெட்டையின் பெயரை எடுக்க வேண்டாம். இவர் பெயரைப் பத்தாவதாகச் சேர்த்தால் போதும். வரிசையில் எல்லாரும் அவர் என்னை விட்டு ஓடிவிட்டார் என்கிறார்கள். அவர் ஓடிப்போனவர் இல்லை, செத்துப்போனவர். அதை யாராவது ஒருத்தர் எழுத்தில் போட வேண்டும்.

ஆபீசுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். வேலை நேரத்தில் யாரையும் கூப்பிட மாட்டோம் என்று வைத்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


ஆகஸ்ட் 16

தம்பி மனைவிக்கு,

கடைசி வரி வரைக்கும் படித்தேன். இருபத்திரண்டு வருடமாக அச்சுக்குப் போகிற எல்லாவற்றையும் கடைசி வரி வரைக்கும் படிப்பதுதான் என் பிழைப்பு.

நீ சொல்லும் அந்தப் பட்டியலை மெய்ப்புப் பார்த்தவள் நான்தான். எங்கள் வழக்கம் என்ன என்று உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஒருத்தி மூலப்பிரதியை உரக்கப் படிப்பாள். நான் அச்சுத்தாளில் வரி வரியாக விரல் வைத்துக்கொண்டே போவேன். பெயர், வயது, தகப்பன் பெயர், பாஸ் நம்பர் என்று அன்றைக்கு மூன்று தரம் பார்த்தோம். ஒரு புள்ளிகூட மாறவில்லை. அந்த மூலப்பிரதி கம்பெனி முத்திரையும் போலீஸ் கையெழுத்துமாக வந்தது. உன் கடிதம் எந்த முத்திரையோடு வந்திருக்கிறது?

தொழிற்சாலையின் பெயரைக் கேட்டதும் அவன் பெயரைத்தான் முதலில் தேடினேன், அது உண்மை. ஒன்பது பெயரும் முடிந்து அவன் இல்லை என்று ஆனதும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்குப் பார்வை போய் மூன்று வருடம் ஆகிறது, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து நான் படிக்க வேண்டும், அவளுக்கு அதுதான் உலகம். "அவன் இல்லையே?" என்று இரண்டு தரம் கேட்டாள். இல்லை என்றேன். அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டாள். இப்போது நீ சொல்வதைக் கேட்டு அவளிடம் போய் நான் என்ன சொல்வது?

கோபித்துக்கொண்டு போவது அவனுக்குப் புதிதா? போன வருடம் உன்னோடு சண்டை போட்டுவிட்டுப் பதினோரு நாள் காணாமல் போனவன்தானே? என் ஆபீஸ் வாசலில் வந்து திருட்டுப் பூனை மாதிரி நின்றான், நான்தான் சமாதானம் சொல்லி அனுப்பி வைத்தேன். இப்போதும் அப்படி எங்கேயாவது இருப்பான். பாஸும் பறிபோயிருக்கிறது, அந்த வெட்கத்திலேயே போயிருப்பான்.

நீ துணி துவைக்கிற இடத்தில் பேச்சு எப்படி வளரும் என்று எனக்குத் தெரியாதா? கறுப்பாக வாந்தி எடுத்தான் என்று ஒருத்தி சொன்னால், காக்காய் காக்காயாக வாந்தி எடுத்தான் என்று நாலாவது ஆளிடம் போய் நிற்கும். உயிரோடு இருக்கிறவனைச் சாக வைக்காதே. ஒன்பது உடலுக்குப் பத்துப் பெயர் போடச் சொல்கிறாயே, அதை எங்கள் ஆபீசில் போய்ச் சொன்னால் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

இன்னொன்றையும் நான் மறக்கவில்லை. அப்பா இறந்தபோது நான் ஆள் அனுப்பினேன். அன்றைக்கு என் வார்த்தையை நம்பாமல் அவனைத் தடுத்தவள் நீ. பெற்ற தகப்பனுக்குப் பிள்ளை வராமலே காரியம் நடந்தது.

பட்டியலைக் கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். நிதானமாகப் படித்துப் பார்.

அவன் அக்கா


ஆகஸ்ட் 21

அண்ணிக்கு,

நீங்கள் அனுப்பிய பேப்பரைப் படித்தேன். எங்கள் வீட்டில் பேப்பர் வாங்குவதில்லை, பொட்டலம் பிரித்தால் படிப்போம். அதனால் எனக்கு எல்லாச் செய்தியும் பழசாகித்தான் வரும். இந்தச் செய்தி மட்டும் எனக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

முதலில் மாமா விஷயம். உங்கள் தம்பியைத் தடுத்தது நான்தான், மறுக்கவில்லை. ஏன் தடுத்தேன் என்று உங்களுக்குத் தெரியாதா? எங்கள் கல்யாணத்துக்கு முதல் நாள் "அம்மா பிழைக்க மாட்டாள், உடனே வா" என்று ஒரு தந்தி வந்தது. போட்டது போட்டபடி ஓடினார். அத்தை அடுப்படியில் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டு நின்றாராம். துவைக்கிறவளைக் கட்டக் கூடாது என்று ஆறு நாள் அறையில் வைத்துப் பூட்டினீர்கள். தந்தியை எழுதியது யார் என்று அவர் சொல்லவே இல்லை, ஆனால் உங்கள் வீட்டில் எழுத்து வேலைக்கு ஒரே ஆள்தான். இரண்டு வருடம் கழித்து மாமா போய்விட்டார் என்று ஒருவர் வந்து நின்றபோது, எனக்குப் புலி வருது கதைதான் ஞாபகம் வந்தது. போகாதீங்க, மறுபடியும் பூட்டிருவாங்க என்றேன். அது என் தப்புதான். அதற்காக அவர் அழுத அழுகையை நான்தான் கேட்டேன்.

எங்களுக்கு முத்திரை கிடையாது. ஆனால் நாங்களும் கண்ணை மூடிக்கொண்டு எதையும் நம்புகிறவர்கள் இல்லை. சொன்னவள் பார்த்தாளா, கேட்டாளா என்று கேட்போம். சொல்வதால் அவளுக்கு என்ன வரும், என்ன போகும் என்று பார்ப்போம். கம்பெனிக்குள் டீ விற்கிற அக்கா இருக்கிறாள். கொட்டகையின் பின்கதவில் நின்று கேட்டிருக்கிறாள். உள்ளேயிருந்து "சாவி எங்க, சாவி எங்க" என்று கத்தியது இவர் குரல்தானாம். இதைச் சொன்னது வெளியே தெரிந்தால் கம்பெனி அவளை நாளைக்கே துரத்திவிடும். இவருக்கும் அவளுக்கும் இரண்டு மாதமாகப் பேச்சும் இல்லை. ஆனாலும் வீடு தேடி வந்து சொன்னாள். அவளுக்குப் பொய் சொல்ல என்ன முடை?

முத்திரை போட்ட செய்தியையும் நான் பார்த்திருக்கிறேன். ஜூன் மாதம் உங்கள் பேப்பரில் அந்தக் கம்பெனியைப் பற்றி வந்தது, பொட்டலத்தில்தான் பார்த்தேன். அதிகாரிகள் இரண்டு நாள் தங்கிக் கொட்டகையைச் சோதனை செய்து திருப்தி தெரிவித்தார்கள் என்று போட்டிருந்தது. கம்பெனிக்கு யார் வந்தாலும் நான் வேலை செய்கிற லாட்ஜில்தான் தங்குவார்கள். அவர்கள் பேரில் எடுத்த இரண்டு அறையின் விரிப்பும் தலையணை உறையும் துவைக்க என்னிடம்தான் வந்தன. மடிப்புக் கலையவில்லை. ஒரு ஆள்கூட அதில் படுக்கவில்லை. நான் எதற்கு அதைத் துவைப்பது என்று அப்படியே திருப்பி அடுக்கி வைத்தேன்.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். நெட்டை வீட்டு வாசலில் உடம்பைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கழுத்தில் கிடந்த தகரப் பாஸின் நம்பரை வைத்து அந்த வீடு என்று முடிவு செய்திருந்தார்கள். முகத்தைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கால்மாட்டில் மட்டும் துணி விலகியிருந்தது. பூட்ஸைக் கழற்றியிருந்தார்கள், அது போட்டிருந்ததால் பாதம் வேகவில்லை. இடது கால் கட்டைவிரலில் பாதி நகம்தான் இருந்தது. வெட்டின மாதிரி நேராக இல்லை, ஒரு பக்கம் சரிந்திருக்கும். ஐந்து வருடம் அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்தவள் நான்.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். நெட்டையின் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காதோரமாக, "கத்திராதம்மா, எம்புள்ள உள்ளதான் ஒளிஞ்சிருக்கான், ஜெயில்ல போட்டுருவாங்க" என்றாள். அவன் பாஸ் கொடுத்ததால்தான் இரண்டு மாதம் எங்கள் அடுப்பு எரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அடக்கம் செய்கிற இடம் வரைக்கும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். நாலு வீடு தள்ளி இருக்கிறவள் எவ்வளவு அழலாமோ, அவ்வளவுதான் அழுதேன். அதற்கு மேல் அழுதால் ஊர் வேறு மாதிரி பேசும்.

இதற்கு மேல் எனக்கு எழுத முடியவில்லை, அண்ணி.

உங்கள் தம்பி மனைவி


ஆகஸ்ட் 30

என் தம்பி மனைவிக்கு,

நகம் என்று நீ எழுதியிருந்த இடத்தில் கடிதத்தை மூடிவிட்டேன். அவனுக்கு ஆறு வயது. நான் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து சீண்டிக்கொண்டே இருந்தான். பெட்டி கை நழுவி அவன் காலில் விழுந்தது. அம்மாவிடம், தானே இழுத்துப் போட்டுக்கொண்டதாகச் சொல்லி என்னை அடியிலிருந்து காப்பாற்றினான். நகம் அதற்கப்புறம் சரியாக வளரவே இல்லை.

நம்புகிறேன். நீ எழுதியது எல்லாவற்றையும் நம்புகிறேன். தந்தியை எழுதியது நான்தான்.

மறுநாளே செய்தி ஆசிரியரிடம் போனேன். நெட்டையைப் பற்றி வாய் திறக்கவில்லை. தீயில் என் தம்பியும் போய்விட்டான், பட்டியலில் விட்டுப்போயிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். ஆதாரம் என்ன என்று கேட்டார். கால் நகம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, நான் உன்னை நினைத்த மாதிரியே இருந்தது. அப்புறம், பாவம், தன்மையாகத்தான் சொன்னார்: "கம்பெனிகிட்டயே கேட்டுரலாம்மா. அதுதானே முறை?"

அப்படியே திரும்பி என் மேசைக்கு வந்துவிட்டேன். ஏனென்றால் அது என் வார்த்தை. இதை நான் உனக்கு எழுதாமல் விட்டிருக்கலாம், உனக்குத் தெரியவும் போவதில்லை. ஆனால் நீ சாவி என்று எழுதியிருந்தாயே, அதற்கப்புறம் மறைத்து வைத்துக்கொண்டு என்னால் ஒரு வாய்ச் சோறு தின்ன முடியவில்லை.

மே மாதம் எங்கள் ஆபீசுக்கு ஒரு கடிதம் வந்தது. பசைக் கொட்டகையின் பின்கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள், செருப்பின் அடித்தோல் திருட்டுப் போகிறது என்று காரணம் சொல்கிறார்கள், உள்ளே அறுபது பேர் இருக்கிறோம், ஒரு பொறி விழுந்தால் வெளியே வர ஒரே வழிதான் என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து, பெயர், பாஸ் நம்பர். தயவுசெய்து பெயரைப் போட வேண்டாம் என்று கடைசியில் ஒரு வரி. உதவி ஆசிரியர் ஒருவர் அதை என் மேசைக்கு எடுத்து வந்தார். தப்பில்லாமல் எழுதியிருக்கிறானே, ஆள் நம்பத் தகுந்தவனா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றார். எனக்கு முதல் எழுத்திலேயே யார் என்று தெரிந்துவிட்டது. அவனுக்கு எழுதப் பழக்கியதே நான்தான்.

ஆபீசில் என் தம்பி ஒரு பெரிய கம்பெனியில் அதிகாரி என்று சொல்லி வைத்திருந்தேன். பசைக் கொட்டகையில் தினக்கூலி என்று எந்த வாயால் சொல்வது? ஒரு நிமிடம்தான் யோசித்தேன். "தெரியலையே. கம்பெனிகிட்டயே கேட்டுருங்க, அதுதானே முறை" என்றேன். முறைப்படியே கடிதத்தை நகல் எடுத்து, பெயரும் நம்பருமாகக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். அவர்கள் பதிலை மட்டும் அச்சில் போட்டார்கள். நீ பொட்டலத்தில் பார்த்தது அதுதான். வதந்திகளை நம்ப வேண்டாம் என்று அது முடியும். வதந்தி என்ற சொல்லில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. நான்தான் சேர்த்தேன்.

அவன் பாஸ் போனதும் அந்த வாரத்தில்தான் என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் பேப்பர் படிக்கிறேன், அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.

அக்கா


செப்டம்பர் 5

அண்ணிக்கு,

அந்தக் கடிதத்தை அவர் நாலு தடவை எழுதினார். மூன்று தாளைக் கிழித்துப் போட்டார். ஏன் இப்படித் தாளை வீணாக்குகிறீர்கள் என்று கேட்டேன். "தப்பு இருந்தா அக்கா சிரிக்கும்" என்றார். உங்கள் கண்ணில் படாமல் அந்தப் பேப்பரில் ஒரு வரிகூட வராது, அக்கா பார்த்தால் தானாக நடக்கும் என்று சொல்லிக்கொண்டே உறையை ஒட்டினார். மறுநாளிலிருந்து லாட்ஜுக்கு வரும் பேப்பரை என்னை எடுத்துவரச் சொல்வார். வந்ததா, வந்ததா என்று பதினைந்து நாள் பார்த்தார்.

பாஸைப் பிடுங்கியபோது, யார் காட்டிக்கொடுத்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கடைசித் தாளை எழுதும்போது அந்த அக்கா பார்த்தாளாம். அவள்தான் என்று நானே முடிவு கட்டினேன். நானே போய் அவளைக் கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டேன். இரண்டு பேரும் அவளோடு பேசுவதை நிறுத்தினோம். உங்கள் பெயர் எங்கள் இரண்டு பேர் மனதிலும் வரவே இல்லை.

செய்தியை எப்படிச் சரிபார்ப்பது என்று போன கடிதத்தில் உங்களுக்கு நான் பாடம் எடுத்திருந்தேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. நேற்றுப் போய் அந்த அக்கா காலில் விழுந்தேன். எதற்கு என்று கேட்டாள், சொல்லவில்லை. சொன்னால் அவர் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு அது பிடிக்காது.

எனக்கு இனிமேல் எழுத வேண்டாம்.


அக்டோபர் 18

என் தம்பி மனைவிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு. இதோடு நேற்றைய பேப்பரை வைத்திருக்கிறேன்.

முந்தாநாள் சாயங்காலம் உங்கள் பக்கத்து நிருபரிடமிருந்து செய்தி வந்தது. தீ விபத்தில் இறந்ததாக அறிவிக்கப்பட்டவர் நேராகப் போலீசுக்குப் போய், நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று நின்றாராம். ஆபீசே குதூகலமாகிவிட்டது. படம் போடு, பெட்டி கட்டு, தலைப்பை இன்னும் பெரிசாக்கு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "செத்தவர் திரும்பி வந்தார்" என்று தலைப்பு. மகனைக் கட்டிக்கொண்டு அந்த அம்மா அழும் படம். என் மேசைக்கு வந்தபோது கடைசி வரி இப்படி இருந்தது: 'அப்படியானால் அடக்கம் செய்யப்பட்டது யார் என்று விசாரணை நடக்கிறது.'

மூலப்பிரதியை ஒருத்தி படித்தாள், நான் விரல் வைத்துக்கொண்டே போனேன். எல்லாம் சரியாக இருந்தது. அவள் எழுந்து போன பிறகு, அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு, என் தம்பியின் முழுப் பெயரையும் வயதையும் எழுதினேன். பின்கதவு பூட்டியிருந்தது என்று மே மாதமே இந்தப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர் என்றும் சேர்த்தேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தை வைத்தேன். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கையெழுத்து இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அப்படியே அச்சுக்குப் போனது.

நேற்றுக் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். மூலப்பிரதியில் இல்லாததைச் சேர்த்தாயா என்றார்கள். சேர்த்தேன் என்றேன். இது உண்மை என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டார்கள். அவன் மனைவி என்றேன். வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கம்பெனி ஏற்கெனவே போன் செய்துவிட்டதாம், நாளையோ மறுநாளோ மறுப்புப் போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள். அது வரும், நான் அந்த இடத்தை அறிவேன்.

ஆபீசிலிருந்து திரும்பி வந்துதான் அம்மாவுக்குப் பேப்பர் படித்தேன். அந்த வரி வந்தபோது நிறுத்தாமல் படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னாள். நாலு தரம் படித்தேன். "அவ எழுதலையா? பொண்டாட்டிக்காரி இருக்காளே, நமக்கு ஒரு வார்த்தை எழுதலையா?" என்று கேட்டாள். எழுதினாள் என்றேன். எப்போது என்றாள். ஆகஸ்டில் என்றேன்.

"நீ நம்பலையாக்கும்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இன்று காலை பேப்பர் வாசலில் வந்து விழுந்த சத்தம் அவளுக்கும் கேட்டது. எப்போதும் சத்தம் கேட்டதுமே எழுந்து உட்காருவாள். இன்றைக்குப் படிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

உன் அண்ணி


அக்டோபர் 21

அண்ணிக்கு,

நீங்கள் அனுப்பியது வருவதற்கு முன்னாலேயே எனக்குப் பேப்பர் கிடைத்துவிட்டது. பதினேழாம் தேதி காலையில் லாட்ஜ் மேனேஜரே துவைக்கிற இடத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

நெட்டை ஏன் போனான் என்று சொல்கிறேன். பதினாறாம் தேதி, பட்டப்பகலில் நான் விரிப்பு அலசிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்து நின்றான். பார்த்த இரண்டு பேர் பயந்து ஓடினார்கள். "எனக்காக ஊரே அழுது முடிச்சிருச்சு. நான் உள்ள உக்காந்து எல்லாத்தையும் கேட்டேன். அவனுக்காக ஒருத்தரும் அழல" என்றான். அப்படியே திரும்பிப் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் நடந்தான். போகாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஈரக் கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் ஆட்கள் முத்திரையை நம்ப மாட்டார்கள், பார்த்தவர் சொன்னால்தான் நம்புவார்கள் என்று உங்களிடம் பெருமையாக எழுதினேன். இரண்டரை மாதமாக அவர் உள்ளேதான் செத்தார் என்று இதே வரிசையில் வாய் வலிக்கச் சொன்னேன். எதிர்வீட்டு அக்கா, ஆம்பிளைங்க அப்படித்தான், மனசைத் தேத்திக்கோ என்றாள். பக்கத்து வீட்டுக்காரி எனக்குக் கேட்காது என்று நினைத்துக் கதவை மூடிக்கொண்டு சிரித்தாள். பதினேழாம் தேதி மத்தியானம் அவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஒருத்தி கையில் பேப்பர் இருந்தது. படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்த வரியைத் தொட்டுப் பார்த்தார்கள். "பேப்பர்லயே வந்துருச்சே" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அன்றைக்குத்தான் அண்ணி நான் சத்தம் போட்டு அழுதேன். தொண்டை அடைத்துப் போகிற வரைக்கும் அழுதேன், யாரும் எதுவும் நினைக்கவில்லை.

உங்களை மன்னித்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்காதீர்கள். அத்தை பக்கத்தில் இருங்கள். வேலை போனதற்கு வருத்தப்படுகிறேன், அது பொய் இல்லை.

மறுப்பு வரும் என்று எழுதியிருந்தீர்கள். வரும். அதையும் யாராவது வாசித்துக் காட்டுவார்கள், எங்கள் ஆட்கள் அதையும் நம்புவார்கள், ஒவ்வொருவராக எழுந்து அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இப்போது வாசலில் இன்னும் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் போய் அவர்களோடு உட்காருகிறேன். அது வருவதற்குள் அவருக்காக அழுது முடித்துவிட வேண்டும்.

உங்கள் தம்பி மனைவி